முதல் பாதியில் கோல் இல்லை

"நாங்கள் முதல் பாதியிலை கோல் அடிக்கிறேல்லை. கோச் வைச்ச முறை அது."

பிரான்காச்சோ போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்தவர் இதைச் சொன்னதும் என் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் மடியில் ஒரு பந்து. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்குப் புதியவர் போலும்.

"ஏன் அப்பிடி?"

"எங்கடை கல்லூரிப் பழைய மாணவர் அணியிலை கோல் அடிக்கத் தெரிஞ்சவன் ரமணன் ஒருத்தன்தான். ஞாயிறு மத்தியானம் ஸ்ஃபெர்ராகவால்லோவிலை சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவுறவன். வந்து சேர இடைவேளையாகும். அதுவரைக்கும் மற்றாக்கள் எல்லாரும் கோல் வாசல்லை நிண்டு மறிப்பம்."

"முந்தியும் இப்பிடியோ?"

"முந்தி எல்லாரும் பந்துக்குப் பின்னாலை ஓடுவம். ஐஞ்சாறு கோல் வாங்குவம். இந்தக் கோச் வந்துதான் மறிக்கப் பழக்கினவர். ரமணன் வந்த பிறகு எல்லாப் பந்தும் அவனுக்கு."

"போன கிழமை முதல் பாதியிலேயே மூண்டு அடிச்சனீங்களாம்?"

"ஓம். ரமணன் தொடக்கத்திலையே நிண்டவன்."

"அப்ப கோச்சுக்குச் சந்தோசமாயிருக்கும்."

அவர் பந்தை மெல்ல உருட்டி மறு கைக்கு மாற்றினார்.

"அந்தக் கடையைப் பூட்டிப்போட்டாங்கள். வேலையில்லாட்டி அவன் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கேலாது. கோச் இப்ப தெரிஞ்ச இத்தாலிக்காரச் சிஞ்ஞோராமாரின்ரை வீடெல்லாம் ஏறியிறங்கி அவனுக்கு வேலை கேக்கிறார்."

"ஞாயிறு லீவு கிடைக்கிற வேலையோ?"

"இல்லை. ஞாயிறு முழுநாளும் எண்டாலும் செய்வான் எண்டு சொல்லித்தான் கேக்கிறார்."