பேரிங்தான் காரணம்

காரைத் தினமும் கழுவித் துடைக்கிறவனுக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. இது என் அனுபவம், இன்ஸ்பெக்டர் ஐயா. கள்ளிக்குப்பம் லோகநாதன் அப்படிப்பட்டவர். அப்பா காலத்து வயல் தொழிற்பேட்டைக்குப் போனது. வந்த பணத்தில், வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய கார் ஒன்றை வாங்கினார். ஹாரன் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதற்குமேல் கேட்கக் கூடாது.

போன சித்திரையில் அந்தக் காரை மண்ணூர்பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கொஞ்ச தூரம் போனாலே இன்ஜின் கொதிக்கிறது, ஆயில் மீட்டரில் முள் இறங்கிவிடுகிறது என்றார். பானெட்டைத் திறந்து சத்தத்தைக் கேட்டதுமே சொல்லிவிட்டேன். உள்ளே தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்துவிட்டது, அதனால் ஆயில் அழுத்தம் நிற்கவில்லை, அதனால்தான் சூடு. இன்ஜினை இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போதே ஒருநாள் இறுகி நின்றுவிடும்.

"யோசிச்சிட்டு வரேன், அண்ணாத்தே" என்று போனவர் நேராகக் குமணன்சாவடி உத்தமனிடம் போயிருக்கிறார். உத்தமன் என்னிடம் வேலை பார்த்தவன். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பான் என்று நான்தான் துரத்தினேன். அவன் என் பேச்சைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறான். சூடுதான் முதல் கோளாறு, சூட்டில் ஆயில் நீர்த்துப்போவதால் முள் இறங்குகிறது என்று சொல்லி, ரேடியேட்டரைக் கழற்றி, சோடா காரம் போட்டுக் கழுவிக் கொடுத்துவிட்டான். பாத்திரம் தேய்க்கிற வேலை.

ஒரு முகூர்த்த நாளில் லோகநாதன் மனைவி தாயம்மாளோடு வந்து, பட்டறை வாசலில் காரை நிறுத்தினார். தொழிற்பேட்டை ஆட்கள் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாத்தே, ஆவடி வரிக்கும் போயி வந்துகீறேன். முள்ளு அசையல பாரு. நீ இன்ஜினையே எறக்கணும்னியே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவனுக்கும் பேரிங் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நானும் சிரித்தேன்.

முள் நன்றாகத்தான் நின்றது. சத்தமும் சுத்தமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து ஏமாறுகிறவன் நான் இல்லை.

பூந்தமல்லி தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம் என்றார்கள். இன்ஜினை அணைக்க வேண்டாம், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றேன். லோகநாதன் டீ குடிக்கிறவர்களிடம் காரின் பெருமையைப் பேசப் போய்விட்டார். மீட்டருக்குப் போகும் மெல்லிய செப்புக் குழாயைக் குறடால் நசுக்கினேன். அழுத்தம் குழாய்க்குள்ளேயே அடைபட்டு, முள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இனி எது நடந்தாலும் அது இறங்காது. பிறகு அடியில் படுத்து, ஆயிலை இறக்குவதற்கென்று இருக்கும் போல்ட்டை, ஆட்டத்தில் தானே கழன்று விழும் அளவுக்குத் தளர்த்தினேன்.

தாயம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டார்: "இன்னாண்ணே, வழியில பயம் ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லம்மா. முள்ள மட்டும் பாத்துகினே போகச் சொல்லு."

பார்த்துக்கொண்டேதான் போயிருப்பார். பெங்களூர் ரோட்டில் ஆயில் கொட்டிப்போய், இன்ஜின் இறுகி, சக்கரம் பிடித்து, கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த மணல் லாரியால் நிற்க முடியவில்லை. இரண்டு பேரும் போய்விட்டார்கள். தாயம்மாள் பின்சீட்டில் இருந்தாராம். பின்சீட்டில் உட்காரச் சொன்னது நான் இல்லை.

நீங்கள் உத்தமனைப் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அவன்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் கடைசியாகக் காரில் கைவைத்தவன் அவன்தான் என்று நினைத்து, அவன் ஆயில் போல்ட்டைச் சரியாக முடுக்காததால்தான் இன்ஜின் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. போல்ட்டைத் தளர்த்தியது நான். குழாயை நசுக்கியதும் நான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அப்புறம் ஸ்டேஷன் வாசலில் கிடக்கும் அந்த இன்ஜினைப் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே பேரிங் உருகிப்போயிருக்கும். அதை உத்தமன் கையில் கொடுங்கள். நான் அன்றைக்கே சொன்னது சரிதானா இல்லையா என்று அவனே சொல்லட்டும்.