பலவேசம் சொல்லாத மண்

நம்ம தருவைமேட்டில் உப்பளப் பாத்தியை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திய காலம் அது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் பலவேசம் என்று ஒருவர் இருந்தாராம். என் அப்பாவுக்குச் சித்தப்பா, எனக்குச் சின்னத் தாத்தா. கதையைத் தொடங்குமுன் அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிட வேண்டும். அவர் அப்படித்தான் தொடங்குவாராம். ஆள் கணக்கு தவறினால் கதையும் தவறிவிடும் என்பாராம்.

தாத்தா வேலை பார்த்த அணியின் ஆட்டக்காரர்கள் இருபத்தாறு பேர். அவர்களுக்கு மேலாளர் ஒருவர், உதவியாளர் மூன்று பேர். எதிரணி ஆட்டக்காரர்கள் இருபத்தெட்டு பேர், அவர்களுக்கும் மேலாளர், உதவியாளர் என்று நாலு பேர். நடுவர்கள் நாலு பேர். மைதான வேலைக்காரர்கள் ஐந்து பேர், அதில் தாத்தா ஒருவர். ஆக, மண்ணில் கால் வைத்தவர்கள் எழுபத்தொரு பேர். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாலு பேர். முப்பதாயிரம் பேர் உட்காரும் இடமாம் அது. தோற்கிற அணியைப் பார்க்க யார் வருவார்?

அந்த இடம் அமெரிக்காவில், கிழக்குக் கடற்கரையில், ஒரு துறைமுக நகரம். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. தாத்தா அதற்கு வெகுகாலம் முந்தியே கப்பலில் கரி அள்ளப் போனவர். போன இடத்தில் கப்பலை விட்டு இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. அந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் எதுவும் கையில் கிடையாது. ஒரு மழை நாளில் மைதானத்து வேலியோரம் நின்று பார்த்தாராம். உள்ளே நாலு பேர் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்களாம். கொட்டக் கொட்டச் சேறு கூடியது. தாத்தா வேலியைத் தாண்டினார், செருப்பைக் கழற்றினார், குதிகாலை ஊன்றி மிதிக்க ஆரம்பித்தார். பாத்தி மிதிக்கிற மிதி. ஒரு மணி நேரத்தில் மண் இறுகிவிட்டதாம். அன்றைக்குக் கிடைத்த வேலை, இருபத்து மூன்று வருஷம் நிலைத்தது. பார்வையாளர் படிகளுக்கு அடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அதுதான் அவருக்கு வீடு. வேறு போக்கிடம் இல்லை.

ஆட்டத்தின் பெயர் பேஸ்பால். நாலு மூலை. மூலைக்கு மூலை தொண்ணூறு அடி. மட்டையால் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாக ஓட வேண்டும். புறப்பட்ட மூலைக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். ஓடுகிறவன் மூலையைச் சேருமுன் எதிரணி பந்தோடு முந்திக்கொண்டால் அவன் வெளியே. வேகக்காரனாக இருந்தால், பந்து வீசுகிறவன் கை தூக்கும்போதே அடுத்த மூலைக்குத் திருட்டு ஓட்டமும் ஓடலாம். அணிக்கு எப்போதும் இருபத்தைந்து பேர். வருஷத்துக்கு நூற்று ஐம்பத்து நாலு ஆட்டம்.

தாத்தாவின் அணிக்குக் கொக்கு அணி என்று பெயராம். சட்டையில் கொக்குப் படம். அந்த வருஷம் அந்தக் கொக்கு ஒரு மீனும் பிடிக்கவில்லை. மழைக்கு முந்தித் தோற்றார்கள், மழைக்குப் பிந்தித் தோற்றார்கள். நூற்று ஐம்பத்து மூன்று ஆட்டம் முடிந்தபோது வெற்றி ஐம்பத்து நாலு, தோல்வி தொண்ணூற்றொன்பது. மிச்சம் ஒரே ஆட்டம்.

முதலாளி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்: "நூறு தோல்வி வந்தா அணியை வேற ஊருக்கு வித்துருவேன். மைதானத்தை இடிச்சிருவேன்." அந்த ஓர் ஆட்டம் போனால் தாத்தாவுக்கு வேலை போச்சு, வீடு போச்சு, காகிதம் இல்லாத ஆள் தெருவில் நிற்க வேண்டும்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முந்தி மேலாளர் டாயில் தாத்தாவிடம் வந்தாராம். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தாத்தா நம்ம பேச்சில்தான் சொல்வாராம்.

"பலவேசம், எதிரணியில ஒரு முயல் இருக்கான் பாத்தியா?"

"பாத்தேன் தொர. ஓட ஆரம்பிச்சா கால் தரையிலயே படாது."

"அவன் திருட்டு ஓட்டம் ஓடக்கூடாது. முதல் மூலைக்கும் ரெண்டாம் மூலைக்கும் நடுவுல மண்ணை இளக்கணும். ஆனா நடுவர் கண்ணுக்கு ஈரம் தெரியக்கூடாது."

இப்படி மண்ணை மாற்றுவது அங்கே எல்லா ஊரிலும் வழக்கமாம். புல்லை வளர்ப்பார்கள், தண்ணீர் விடுவார்கள். நடுவர் கண்டுபிடித்தால் மணலைக் கொட்டி மூடச் சொல்வார். ஆனால் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு மண் தாத்தாவுக்குத் தெரியும். அளத்துக்காரனுக்கு மட்டும் தெரிகிற மண்.

"முடியும் தொர. எங்க ஊர்ல மாட்டையே ஏமாத்துற தரை உண்டு" என்றாராம்.

விடிந்ததும் வேலை. முழங்கை ஆழம் தோண்டினார். களிமண்ணில் மணலைக் கலந்தார். உப்பைக் கரைத்த தண்ணீரை ஊற்றினார். மேலே சமப்படுத்தி, சலித்த புழுதியைத் தூவினார். மூன்று நாள் வெயிலில் மேலே பொருக்குக் கட்டியது. அடியில் சேறு அப்படியே கிடந்தது, உப்பு இருக்கும் வரை காயாது. நடக்கிறவனைத் தாங்கும். ஓடுகிறவனைத் தாங்காது. அதுதான் அந்த மண்.

ஆட்டத்தன்று காலையில் டாயில் தம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நேர்கோட்டுல ஓடாதே, புல்லோரமா வளைஞ்சு ஓடு" என்றார். தாத்தா பக்கத்தில் நின்று விரல் மடக்கி எண்ணினார். இருபத்தைந்து. கணக்கு முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

மத்தியான ரயிலில் ஒருவன் வந்து இறங்கினான். வருஷக் கடைசியில் வெளியூரிலிருந்து சிலரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. பெயர் எமில். சோளக்காட்டு விவசாயி வீட்டுப் பிள்ளை, வயசு இருபத்திரண்டு. பெரிய அணியின் சட்டையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போட்டானாம். அவன் மைதானத்தைச் சுற்றி நடந்து தாத்தாவிடம் வந்தான்.

"ஐயா, இந்தத் தரையை நீங்களா செஞ்சது?"

"ஆமா."

"எங்க அப்பா உழுத நிலம்கூட இவ்வளவு மட்டமா இருக்காது. இதுல ஓடுறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும். நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

கேட்டானாம். அவன் வாயாலேயே கேட்டானாம். தாத்தா மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஆட்டக்காரனுக்குச் சொல்வது டாயில் வேலை என்று நினைத்தார். இன்றைக்கு வந்தவனை இன்றைக்கே இறக்கமாட்டார்கள் என்று நினைத்தார். "ஒண்ணுமில்ல தம்பி" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. முயல் முதல் திருட்டு ஓட்டம் ஓடினான். நடுவில் கால் புதைந்து தடுமாறி மாட்டினான். இரண்டாவது தடவை ஓடினான், மறுபடியும் மாட்டினான்.

"என்னடா இது, மைதானமா எருமைத் தொழுவமா?" என்று கத்தினானாம்.

கொக்கு அணியின் கிழட்டுப் பந்துபிடிப்பான் சிரித்தான். "முயலுக்கு வயசாயிருச்சு போல. எங்க பக்கம் வந்துரு, இங்க எல்லாரும் அப்படித்தான்!"

தாத்தா வழக்கம்போலச் சமப்படுத்துகிறவர்போலப் போய் உடைந்த பொருக்கை மூடிப் புழுதி தூவிவிட்டு வந்தார். பிறகு நடுவர் வந்து அந்த இடத்தில் நடந்து பார்த்தார். தாங்கியது. திரும்பப் போய்விட்டார்.

அப்படியும் எதிரணி மூன்று ஓட்டம் எடுத்துவிட்டது. கொக்கு அணி இரண்டு. கடைசிச் சுற்று வந்தது. கொக்கு அணியில் இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். இன்னொருவர் வெளியேறினால் முடிந்தது. அப்போது ஒரு கிழவர் பந்தை அடித்து முதல் மூலைக்கு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியதாம். அவரால் இனி ஓட முடியாது, அவருக்குப் பதிலாக ஓட வேறு ஆளை இறக்கலாம். டாயில் வரிசையைப் பார்த்தார். இளங்கால் ஒன்றுதான் இருந்தது.

"எமில், நீ போ."

டாயில் மறந்துவிட்டார். தாத்தா மறக்கவில்லை. வேலியோரத்தில் நின்றவர் எமில் முதல் மூலைக்குப் போவதைப் பார்த்தார். ஓடிப்போய்ச் சொல்லலாம். சொன்னால் நடுவர் காதில் விழும், எதிரணி காதில் விழும். சொல்லலாமா, வேண்டாமா? சொல்லலாமா, வேண்டாமா? அவர் இரண்டு தடவை நினைத்து முடிப்பதற்குள் பந்து வீசிவிட்டார்கள். மட்டையில் பட்டுப் பந்து தூரத்துப் புல்லில் உருண்டது.

எமில் ஓடினான். நேர்கோட்டில் ஓடினான். அப்படி ஒரு ஓட்டத்தை இருபத்து மூன்று வருஷத்தில் பார்த்ததில்லை என்பாராம்.

"ஓரமாப் போ! ஏலே, ஓரமாப் போ!"

தாத்தா கத்தியது தமிழில். பதற்றத்தில் வேறு பாஷை வாயில் வரவில்லை. அந்த இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

பொருக்கு உடைந்தது. கால் கெண்டைவரை உள்ளே போனது, உடம்பு மட்டும் முன்னே போனது. எலும்பு முறிந்த சத்தம் வேலியோரம் வரை கேட்டதாம். எதிரணி ஆள் பந்தோடு ரொம்ப மெதுவாக நடந்துபோய் மூலையைத் தொட்டான். ஓட வேண்டிய அவசியமே இல்லை. நூறாவது தோல்வி.

எல்லாரும் ஓடிவந்து சூழ்ந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. எமில் அழவில்லை. குனிந்து பார்த்த ஒவ்வொரு முகத்திடமும், "மன்னிச்சிருங்க, நான் காலைச் சரியா ஊணல. மன்னிச்சிருங்க, நான் காலைச் சரியா ஊணல" என்றானாம். இருபத்தைந்து பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

டாயில் தாத்தாவின் தோளைப் பிடித்தார். "அவனே தன் தப்புன்னு சொல்றான். விட்டுரு. உன்கிட்டக் காகிதம் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்."

தாத்தா மண்வெட்டியை எடுத்தார். நடந்தார். நடுவர் நாலு பேர் முன்னாலும் பொருக்கைக் கொத்திப் புரட்டினார். அடியிலிருந்து உப்புச்சேறு மேலே வந்தது.

"தம்பி, உன் கால்ல தப்பில்ல. மண்ணுல தப்பு. மண்ணைச் செஞ்சது நான்."

எமில் அந்தச் சேற்றைப் பார்த்தான்.

"இவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"நான் கேட்டேனே ஐயா."

எமில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தூக்குக் கட்டிலில் கொண்டுபோனார்கள். திரும்பிப் பார்க்கவில்லையாம்.

தாத்தா சொன்னதால் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. அணியை விற்றார்கள். மைதானத்தை இடித்தார்கள். எமிலின் கால் சீழ் பிடித்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் வந்ததாம். தாத்தாவின் பெயரும் வந்தது. பெயர் வந்ததும் காகிதம் கேட்டு ஆள் வந்தது. கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மைதானத்தை விட்டுப் போகுமுன் அளவு நாடாவை எடுத்து முதல் மூலையிலிருந்து கால் புதைந்த இடம் வரை அளந்தார். அந்த அளவைத் தவிர அங்கிருந்து எதுவும் கொண்டுவரவில்லை என்பார்கள்.

ஊருக்கு வந்து சேர்ந்த மறுவருஷம், இளவட்டங்கள் சடுகுடு ஆடவும் பந்தாடவும் களம் கேட்டார்கள். தாத்தா மிதித்துக் கொடுத்தார். ஆனால் வடக்கு ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் மிதிக்காமல் விட்டார். இரண்டு முனையிலும் கல் நட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அது ஓடாத இடம்" என்றாராம். இன்றைக்கும் அங்கே உப்புநிலத்து உமரிச்செடிதான் முளைக்கிறது. யாரும் வெட்டுவதில்லை. ஆடுகிறவர்கள் அதில் கால் வைப்பதில்லை.

நம்ம களத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் தொடங்குமுன், களம் செய்தவர் இரண்டு அணியையும் நிறுத்தி, எங்கே மேடு, எங்கே இளக்கம் என்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டுச் சொல்வார். பாதியில் புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தால் ஆட்டம் நிற்கும். அவனுக்கும் சொன்ன பிறகுதான் நடக்கும். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுக் கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மண் சொல்வது என்று பெயர்.

அந்த இரண்டு கல்லுக்கும் நடுவே போன தை மாசமும் அளந்து பார்த்தேன். தாத்தா நட்ட அளவு நகரவில்லை. தொண்ணூறு அடியில் எமில் ஓடியது அறுபத்தொன்று. கல்லுக்குக் கல் மீதி இருபத்தொன்பது.