‘பொன்வயல்’ கம்பெனியின் வீர வரலாறு

நெடுமாறன்: “உலக வரலாற்றிலேயே முதன்முறையாக, நாற்றங்கால் முதல் அறுவடை வரை கம்ப்யூட்டரிலேயே விவசாயம் செய்யும் விளையாட்டைப் படைத்த ‘பொன்வயல்’ நிறுவனத்தின் வீர வரலாறு...” எழுதிட்டியா ஜாய்ஸ்?

ஜாய்ஸ்: “வீர”வை எடுத்துடலாமா சார்? ஆபீஸ் பரோட்டாக் கடை மாடியில இருக்கு.

சுடர்விழி: வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே வாய்! எழுதும்மா. “நிறுவனர்கள் மூவர். நெடுமாறன், சுடர்விழி, அமரர் சகாயராஜ்.”

நெடுமாறன்: “கண்ணீருடன்”னு சேர்த்துக்க. முதலீடு போடற சென்னைக்காரங்க மத்தியானம் வராங்க. மனசு இளகணும். இல்லேன்னா கம்பெனிக்குப் பூட்டுதான்.

ஜாய்ஸ்: சார்... மாலை போட்ட அந்தப் படத்துல, கட்டம் போட்ட சட்டை... அவர்தானே?

சுடர்விழி: ஆமா. ஏன்?

ஜாய்ஸ்: விளையாட்டுக்குள்ள, கடைமடை வயல்ல, அதே சட்டையோட ஒருத்தர் நிக்கிறார்.

நெடுமாறன்: சுடர், நீ வரைஞ்சதா?

சுடர்விழி: நானா? நீங்கன்னு...

ஜாய்ஸ்: அவர் வந்ததுலேருந்து உங்க ரெண்டு பேர் வயலுக்கும் தண்ணி ஏறல. மதகைத் திறந்தா தானா மூடிக்குது.

நெடுமாறன்: ஏதோ கோளாறு. ஆளை அழிச்சிடு.

ஜாய்ஸ்: அழிச்சேன் சார். ஒரு வயல் தள்ளி வந்து நிக்கிறார். இப்ப வரப்புல நடக்கறார்... நின்னுட்டார். நம்ம பக்கம் திரும்பறார்.

சுடர்விழி: ஐயோ.

ஜாய்ஸ்: தலைக்கு மேல எழுத்து வருது. “எனக்குத் தண்ணி முறை எப்ப?”

நெடுமாறன்: திரும்ப அழி!

ஜாய்ஸ்: இன்னொண்ணு... “ஜாய்ஸ், சாப்டியாம்மா?”

சுடர்விழி: ஏய், மூடு அதை!

ஜாய்ஸ்: என் பேர் எப்படி மேடம் தெரியும்? நல்லவேளை, அவர் அமரர்னு கேள்விப்பட்டு, காலையிலேயே அவர் ஊருக்கு, பாபநாசத்துக்கு, போன் போட்டுட்டேன்.

நெடுமாறன்: யாருக்கு?

ஜாய்ஸ்: அவரோட பங்குக் கோயிலுக்கு. மரித்த சகாயராஜ் ஆன்மா இளைப்பாற ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பேர் கொடுத்தேன். போனை எடுத்தவர், “மரித்த சகாயராஜா?”ன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம், “உன் பேர் என்னம்மா? எங்க வேலை பாக்கறே?”ன்னு கேட்டார்.

சுடர்விழி: சொல்லிடுங்க நெடுமாறன். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது.

நெடுமாறன்: கம்பெனில பங்கு கேட்டான், வெளியே அனுப்பிட்டோம். செத்துட்டான்னு சொன்னா சென்னைக்காரங்க அதுக்கு மேல கேக்க மாட்டாங்கன்னு படத்துக்கு மாலை போட்டோம். விளையாட்டுக்குள்ள நுழைய அவன்கிட்ட இருந்த பாஸ்வேர்டை மாத்த மறந்துட்டோம். இப்ப அந்தக் கோயில் ஆபீஸ்ல போன் எடுக்கறது சகாயராஜ்தான்.