மேரிறோஸ் பாட மறுத்த பாட்டு

— பாடமாட்டன் எண்டா மாட்டன். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தாயாவது ஒப்பாரி வைப்பாளே?

— மெல்லக் கதையும், மேரிறோஸ். இது இல்ஃபோர்ட் மாதா கோயில் ஹோல், எங்கட குசினி இல்லை. செல்லோ வாசிக்கிற வெள்ளைக்காரப் பெட்டை பாத்துக்கொண்டு நிக்குது.

— பாக்கட்டும். அவைக்குத்தான் நீங்கள் கஸ்பர் மாஸ்டர். எனக்குப் புருசன். கேக்கிறன், கடலில போன மகனை ஏன் நாடகத்தில சாக்காட்டினனீங்கள்?

— அது கதையில வாற மகன். எங்கட ஜெறாட் இல்லை.

— ஆரை ஏமாத்திறியள்? ஜெறாட்டும் என்ர தங்கச்சி குடும்பத்தைக் கூட்டிவர எண்டுதானே ஆவணியில மன்னாருக்குப் போனவன். பேசாலையில அக்கரைக்குப் போட் ஏறினதோட சரி, இண்டைக்கு வரைக்கும் ஒரு கதையும் இல்லை. உங்கட நாடகத்திலயும் ஒருத்தன் சித்தியைக் கூட்டிவரப் போறான், போட் ஏறுறான்.

— நாடகத்துக்கு ஒரு முடிவு வேணும்தானே. சனிக்கிழமை மேடை. சும்மா முரண்டு பிடியாதையும்.

— ஏன், கரை சேந்திட்டான் எண்டு முடிச்சா மெட்டு வராதோ?

— வரேல்லை.

— வராது. உங்களை எனக்குத் தெரியாதே? கலியாணம் கட்டின வருசம் முதல் நாடகம். அப்பப்பா, என்ன சோடனை! ஒரு வரிக்குப் பத்துச் சங்கதி. அதில வாற பொம்பிளை நான்தான் எண்டு ஊருக்கே தெரியும், எனக்கு வெக்கமாப் போச்சு.

— இளந்தாரி வயசு. ஆட்டம் காட்டினன்.

— பிறகு எண்பத்துமூண்டில கொழும்பு வீட்டை எரிச்சாங்கள். இஞ்ச, வெள்ளைக்காரன்ர நாட்டுக்கு வந்து இரண்டாவதை எழுதினியள். ஒரே மேளமும் கத்தலும். பாக்க வந்த சனம் காதைப் பொத்திச்சுது.

— கோவம், மேரிறோஸ். எவ்வளவு மேளம் போட்டும் தீரேல்லை.

— இதில அதொண்டும் இல்லை. ஒரு குரல், ஒரு செல்லோ.

— குறைச்சுக் குறைச்சு வந்திட்டன். மிச்சம் அவ்வளவுதான்.

— நீங்கள் போட்டதுகளிலயே நல்லது இதுதான். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.

— என்ன பயம்?

— நடக்காத ஒண்டுக்கு நீங்கள் ஒருநாளும் மெட்டுப் போட்டதில்லை. ஏன் குனியிறியள்? இஞ்சேருங்கோ, என்ர முகத்தைப் பாருங்கோ.

— இம்மாகுலேற் போன் எடுத்தவ. மண்டபம் அகதி முகாமில இருந்து.

— என்ர தங்கச்சியோ? கரை சேந்திட்டாளோ? எப்ப எடுத்தவள்?

— நத்தார்ப் பெருநாளுக்கு முந்தின கிழமை. அப்பதானாம் அவவுக்குப் போன் எடுக்க வழி கிடைச்சது. போட் கவிண்டதாம். ஜெறாட் அவவை மணல் திட்டியில ஏத்திவிட்டிட்டு, அவவின்ர சின்னனைத் தூக்கிவரத் திரும்பி நீந்தினவனாம். இரண்டு நாளால அவனைக் கரையில எடுத்து, அங்கத்தைச் சவக்காலையில தாட்டிட்டினம்.

— சேசுவே! நத்தாருக்கு அவனுக்கெண்டு கேக் வெட்டி எடுத்து வைச்சனே. நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்!

— சொல்ல வாய் வரேல்லை. மெட்டுத்தான் வந்தது.

— பாவி மனுசன்! பாவி! நான் பெத்தவள் எல்லே!

— சனிக்கிழமை ஒண்டும் வேண்டாம். எல்லாரையும் வீட்டை அனுப்பிவிடுறன். நீர் இரும்.

— ஒருத்தரும் போகவேண்டாம். அந்தப் பெட்டையை வாசிக்கச் சொல்லுங்கோ. என்ர பிள்ளைக்கு நான்தான் பாடவேணும்.