ஏற்றிவிட்டவன் நான், இறக்கிவிட்டவர் முன்னி பேகம்

மலையே சிவமாய் நிற்கும் திருவண்ணாமலையில், இந்தக் குளக்கரை மேடையைக் கம்பீரத்தால் நிறைத்திருக்கும் தலைவர் சகாதேவன் அவர்களே! தலை நரைத்தும் குரல் நரைக்காத பெரியவர்களே! பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேருக்கு இட்லி அவித்தும் கை சோராத தாய்மார்களே! இன்றைய பாராட்டுக்குரிய, அடி அண்ணாமலை டீக்கடை முன்னி பேகம் அம்மையாரே! எட்டாம் வகுப்பிலேயே "உனக்கு இனி சொல்லித்தர ஒன்றுமில்லை" என்று வாத்தியார் வழியனுப்பிய அன்பரசனின் வணக்கம்!

குளத்தைத் தூர்த்து வண்டி நிறுத்தப் போகிறார்கள் என்றதும், போன மாதம் இதே இடத்தில் முழங்கினேன்: "குளத்துக்காக உயிரையும் கொடுப்போம்!" கைதட்டலில் மலையிலிருந்து நாலு பாறை உருண்டது. சிரிக்காதீங்க, ரெண்டு நிச்சயம் உருண்டது!

நாற்பது வருஷமாகச் சொல்லும் வரி அது. பாலத்துக்கு உயிர், பஸ்ஸுக்கு உயிர், தெருவிளக்குக்கு உயிர்! கேட்டவர்கள் கைதட்டினார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் சாப்பிடவில்லை. எருமை மேய்க்கும் வேடியப்பன்! விடிந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நிற்கிறார். முன்னூறு அடி உயரம்!

என்ன புகழேந்தி? அறுபது அடிதானா? கீழே நின்ற உனக்கு அறுபதுப்பா. விளிம்பில் நின்றவரைக் கேள்!

"அன்பரசன் ஐயா சொன்னாரு. யாராச்சும் உயிரக் குடுத்தாத்தான் குளம் நிக்குமாம். நான் குடுக்கறேன்" என்கிறார். நான் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன். மாவீரனே என்றேன், மண்ணின் மைந்தனே என்றேன், மங்காத மாணிக்கமே என்றேன். ஒவ்வொரு பட்டத்துக்கும் மனுஷன் ஓர் அடி முன்னால் வருகிறார்! அவர் மனைவி பாஞ்சாலை அலறினார்: "யோவ், அந்த ஆளுகிட்ட இருந்து மைக்கப் புடுங்குங்கய்யா!"

பிடுங்கினார்கள்.

அப்போது வந்தார் முன்னி பேகம். மைக் இல்லை, மாலை இல்லை, கையில் ஒரு டீ கிளாஸ்.

"வேடிண்ணே! நாளைக்கு மண்ணு லாரி வருது. குறுக்க நிக்க ஆளு வேணும். பொணம் வந்து நிக்குமா? எறங்குண்ணே, டீ ஆறுது!"

வேடியப்பன் குளத்தைப் பார்த்தார். பாஞ்சாலையைப் பார்த்தார்.

"சக்கரை போட்டியா?"

"ஜாஸ்தியே போட்டிருக்கேன். வாண்ணே!"

ஒவ்வொரு படியாய் இறங்கினார், ஐயா! மறுநாள் லாரிக்குக் குறுக்கே முதலில் நின்றவர்கள் வேடியப்பனும் முன்னி பேகமும். பின்னால் நாற்பது பேர். நானும் முதல் வரிசைதான்! சரி சரி, மூணாவது வரிசை. லாரி திரும்பிப் போனது. இதோ, மேடைக்குப் பின்னால் எருமைகள் குளிக்கிற சத்தம் கேட்கிறதா?

எண்ணிப் பாருங்கள்! பெற்றவள் சுமந்த உயிரை, உழைத்து வளர்த்த உடம்பை, ஒரு மனிதர் எதை நம்பித் தூக்கிக் கொடுக்கத் துணிந்தார்? என் வாயிலிருந்து வந்த ஒரு வரியை! இவ்வளவு பெரிய பொருளையா நாற்பது வருஷம் பொரி போல வாரி இறைத்தேன்?

முன்வரிசையில் இமைக்காமல் கேட்கும் வேடியப்பன் அவர்களே! அந்த வரியை இந்த மேடையிலேயே வாபஸ் வாங்குகிறேன். கைதட்டாதீங்க, கைதட்டினால் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன்!

இந்தப் பொன்னாடையை முன்னி பேகம் அம்மையாருக்குப் பாஞ்சாலை அம்மையாரே போர்த்தட்டும். பேச இடம் தந்த குளத்துக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், என் பேச்சைக் கேட்ட பிறகும் உயிரோடு இறங்கி வந்த வேடியப்பனுக்கும் நன்றி! வணக்கம்!