பாக்யலட்சுமிக்கு மறுத்த திருவிருந்து

பாக்யலட்சுமிக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது. மறுத்தது நம் சபை. இந்த அநியாயத்தைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்ல எனக்கு வாய் வருகிறது.

தலைமை வகிக்கும் ஆயர் அவர்களே, எனக்கு முன்பே இந்தப் பீடத்தருகே முழங்காலிட்ட மூத்தோர்களே, வாரமெல்லாம் ஷூ கம்பெனியில் வாடி, ஞாயிறு மாலையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஆண்டு விழாவில் இதைப் பேசலாமா என்கிறார்கள். வேறு எங்கே பேசுவது? பாக்யலட்சுமி இருபது ஆண்டுகள் ஆம்பூரில் ஷூ தைத்தவள். ஏற்றுமதி அவசரம் என்றால் ஞாயிறும் வேலை. இன்று படுத்த படுக்கை. வேலூர் டாக்டர்களும் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு திராட்சை ரசம். மகள் மோகனா போய்க் கேட்டாள். நம் செயலாளர் ஜெயப்பிரகாஷ் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "உங்கம்மா வருசத்துல மூணு வாரந்தாம்மா வந்திருக்காங்க. திருவிருந்துக்குப் பன்னெண்டு வேணும்" என்றார்.

அதைக் கேட்ட பாக்யலட்சுமி, "அப்போ ஏசப்பாவும் என்னை வேணாம்னுட்டாரா?" என்றாளாம்.

யார் பதில் சொல்வது? அந்த விதி வந்த நாளில் எதிர்த்துத் தூக்கிய கை ஒன்றே ஒன்று. அது இந்தக் கை.

என்ன தம்பி, துண்டுச்சீட்டா? பிரியாணி இறக்கியாயிற்றா? இருக்கட்டும். நாற்பது வருடம் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்றவன், இன்னும் ஐந்து நிமிடம் நிற்பேன்.

அந்தக் காலத்தில் பழைய ஆயர் சைக்கிளில் வருவார். தோல் பதனிடும் கொட்டகைக்கே திருவிருந்து வரும். தோல் நாற்றமும் ஜெபமும் கலந்த அந்தக் காற்றுக்கு இன்றும் ஏங்குகிறேன். ஒருநாள், ஊறல் தோலை இழுத்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் சொன்னார்: "சுத்தமானவனுக்குத்தான்னா எனக்கே கிடைக்காதுப்பா. நீட்டு."

நீட்டினேன். வாங்கினேன். வாழ்ந்தேன்.

எழுத்துக்கூட்டி வேதம் படித்தது அதற்குப் பிறகுதான். இரட்சிப்பு என்ன கூலியா? கிருபைக்கு ஷிஃப்ட் உண்டா? தேவன் இலவசமாகத் தருகிறார், விசுவாசம் ஏந்திக்கொள்கிறது. கொடுப்பவர் அவர். குறுக்கே நிற்க நாம் யார்?

ஆகவே, ஆயர் அவர்கள் இப்போதே அங்கியோடு புறப்பட வேண்டும். ஜெயப்பிரகாஷ் தம்பி அவள் கட்டிலருகே போய், சபை சொன்னது தப்பு என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கமிட்டி நாளைக்கே அந்த விதியை நீக்க வேண்டும். தாய்மார்கள் அவளைச் சுற்றி நின்று பாட வேண்டும். உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து வருகிறவர்களுக்கு ஸ்தோத்திரம்.