தோற்றதற்கு ஒரு தேங்காய்

சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த மறுநாள், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கரைவேட்டிக்காரர் சொன்னார்:

“நம்ம ஆள் தோத்துட்டாரு. அதான் அண்ணாமலையாருக்குத் தேங்கா ஒடைக்கப் போறேன்.”

“கட்சிக்காரர் பேசற பேச்சா மாமா இது?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“மூணு தடவ தோத்தவராச்சே, இவரு எங்க ஜெயிக்கப் போறாருன்னு நெனச்சு, ஜெயிச்சா மலையைச் சுத்தி எட்டு மைலும் உருண்டே வரேன்னு மைக்ல வேண்டிக்கிட்டேன் மாப்ளே. இந்தத் தடவ ஜெயிச்சுடுவாரு போல இருந்துச்சு. பயந்துபோய் எதிர் சின்னத்துல குத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதே.”

மற்றவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“இந்த முதுகுக்காக நானும் அதுலதான் குத்தினேன் மாமா. நம்ம தெருவே அதுலதான் குத்துச்சு.”